பதினான்கு நிமிடத்துக்கு ஓர் இடம்

1

மலேசியாவில் இருப்பவன் இடமில்லை என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். என் சாப்பாட்டுக் கடை, சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் சாலையில் ஒரு தோட்டத்தின் வாசலில் இருக்கிறது. எதிரே செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. அதற்குப் பின்னாலும் செம்பனை. ஒரு காலத்தில் எல்லாம் ரப்பராக இருந்ததாம். நான் வந்து சேர்வதற்குள் மாற்றிவிட்டார்கள். எதற்குமே சற்றுப் பிந்தி வந்து சேர்கிறவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும்.

இவ்வளவு நிலத்துக்கு நடுவில் இடமில்லை என்று சொன்னது என் கல்லா மேசையிலிருக்கும் கம்ப்யூட்டர். பாத்திரம் கழுவும் வங்கதேசத்துக்காரருக்குப் பெர்மிட் புதுப்பிக்க ஒரு படிவம் இறக்க வேண்டியிருந்தது. மொத்தமே இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்துக்குக்கூட உள்ளே இடமில்லை என்றது. மூன்று முறை கேட்டும் அதே பதில். அரசாங்க கவுண்டரில் உட்கார வைக்கத் தகுந்த கம்ப்யூட்டர்.

நீலாயில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் சுலைஹா வார விடுமுறைக்கு வந்தபோது அதைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாப்பா, உங்க பழைய போன் பேக்கப் மட்டுமே பாதி டிஸ்க்க சாப்பிட்டு வச்சிருக்கு. என்ன வாப்பா இது, குட் மார்னிங் ரோஜாப்பூவே ஆயிரம் இருக்கும் போல."

"மரியாதைக்கு அனுப்புறாங்க. அழிச்சா மரியாதையா இருக்குமா?"

"குழாய் ஒழுகுற போட்டோ எதுக்கு பதினேழு?"

"பிளம்பருக்குப் புரியணுமே."

"செனாங் லா, ஈஸிதான். எல்லாத்தையும் டெலீட் பண்ணிடுவோம். ரெண்டு நிமிஷ வேலை."

"அதுக்குள்ள உன் தாத்தா இருக்காரு," என்றேன்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். தாத்தாவை அவள் நேரில் பார்த்தது ஒரே தடவை, ஆறு வயதில். அவர் கொடுத்த தொதல் அல்வாவைக் கையில் ஒட்டுகிறது என்று சட்டையில் துடைத்தவள்.

"அந்த வீடியோவா? இன்னும் பாக்கலையா வாப்பா?"

"பார்க்கணும்."

2

அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு காலையில், பரோட்டா மாவை எண்ணெயில் ஊறப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கீழக்கரைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தம்பி காசிம் கூப்பிட்டான். வாப்பா சுபுஹ் தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றான். பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கம்.

என் பாஸ்போர்ட் அப்போது என்னிடம் இல்லை. புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். ஐந்து வேலைநாள் என்று சொல்லியிருந்தார்கள், அன்று மூன்றாவது நாள். துக்கம் விசாரிக்க வந்த எல்லோரிடமும் இதைச் சொன்னேன். சிலரிடம் ரசீதைக்கூடக் காட்டினேன். பாஸ்போர்ட் கையில் இருந்திருந்தாலும் மதுரையில் இறங்கி ஊர் போய்ச் சேரும்போது கபர்ஸ்தானில் ஈர மண்தான் இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும், விசாரிக்க வந்தவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் ரசீதை வாங்கி, தேதியைப் பார்த்து, "ம்ச்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்கள் சாப்பாட்டுக்குப் பணமும் கொடுத்தார்கள். நானும் வாங்கிக் கல்லாவில் போட்டேன். அழுகை வரவில்லை. மதியக் கூட்டம் வந்தது.

சாயங்காலம் காசிம் வீடியோ அனுப்பினான். அடக்கம் முழுவதும், பதினான்கு நிமிடம். சிறிய படத்தில் ஒரு வெள்ளைத் தொப்பியும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. நான் தொடவில்லை. கடை அடைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தேன். கடை அடைத்த பிறகு, வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் காசிம் கேட்டான். "பாத்தியளா காக்கா?" எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

"பார்த்தேன்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், பார்க்கவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். அதற்கு என்னிடம் ரசீது இல்லை.

அவன் ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது, பிறகு "சரி காக்கா" என்று வைத்துவிட்டான்.

அதற்கடுத்த மாதம் என் போன் பருப்பு வாளிக்குள் விழுந்து இறந்தது. நல்லவேளையாக, அதற்கு இரண்டு நாள் முன்புதான் சுலைஹா அதில் இருந்ததையெல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைத்திருந்தாள். புதுப் போன் மலிவானது, அதில் பழைய போனைக் கொட்ட இடமில்லை. ஆக வாப்பாவின் அடக்கம் இருந்த ஒரே இடம் கல்லா மேசைக் கம்ப்யூட்டர்தான். ரோஜாப்பூக்களுக்கும் ஒழுகும் குழாய்களுக்கும் நடுவில்.

பிறைக் கணக்கில் வருடம் திரும்பும் நாளில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். முடிவு செய்தபோது அந்த நாள் வெகு தூரத்தில் இருந்தது.

3

சுலைஹா நீலாய்க்குத் திரும்பிப் போய், போனில் வழி சொன்னாள். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்க வேண்டும். பேக்கப்பை அதில் காப்பி எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்தால் இடம் கிடைக்கும்.

வாங்க வேண்டும் என்பதில்தான் நான் அவளோடு வேறுபட்டேன். எங்கள் கடையில் எதையும் எறிகிற வழக்கமில்லை. எண்ணெய் டின்னில் கறிவேப்பிலைச் செடி வளர்கிறது, உடைந்த ரொட்டிக் கல்லின் மேல் கேஸ் அடுப்பு உட்கார்ந்திருக்கிறது. அதே முறையில், கடைக் கேமராக்களின் பதிவுப் பெட்டிக்குப் பெரிய டிஸ்க் மாற்றியபோது கழற்றிய பழைய டிஸ்கையும் எடுத்து வைத்திருந்தேன். மறந்துவிடுமே என்று அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி, கெட்டி மையில் 'சிசிடிவி' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை மட்டும் சிரம்பானில் வாங்கி உள்ளே வைத்து மூடினேன். வயரைச் செருகினால் எக்ஸ்டர்னல் டிஸ்க். பிளாஸ்திரியை உரிக்கவில்லை. உறைக்குள்ளே இருப்பதை யார் படிக்கப்போகிறார்கள்?

காப்பி ஆவதற்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. சுலைஹா போனில் இருந்தாள்.

"முடிஞ்சுதா? இப்ப டெலீட் பண்ணாதீங்க வாப்பா. டிஸ்க்ல போய் ஒண்ண திறந்து பாருங்க. ஓடுதான்னு பாக்கணும்."

"எதைத் திறக்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எது உங்களுக்கு முக்கியமோ அது."

அந்த ஃபைல் திரையில் எனக்கு நேராகவே இருந்தது. வெள்ளைத் தொப்பி, கொஞ்சம் வானம். அதற்குப் பக்கத்தில் எங்கள் கடை விலைப்பலகையின் போட்டோ இருந்தது. விலைப்பலகையைத் திறந்தேன். மீ கோரெங், நாசி லெமாக், தோசை, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.

"ஓடுது," என்றேன்.

"அப்ப ஓகே. ஆனா ஒரே இடத்துல வைக்காதீங்க வாப்பா. இன்னொரு காப்பி எங்கயாச்சும் போடுங்க."

"போடுறேன்."

கம்ப்யூட்டரில் இருந்ததை அழிக்கச் சொன்னேன். இது மிகப் பெரியது, குப்பைத் தொட்டியில் தங்காது, நிரந்தரமாகப் போய்விடும், சம்மதமா என்று மலாயில் கேட்டது. இந்த நாட்டில் இருபத்தேழு வருடமாக எத்தனையோ படிவங்களில், படித்தும் படிக்காமலும், 'யா' என்ற கட்டத்தில் கோடு போட்டு வந்தவன் நான். யா என்றால் ஆமாம். 'தீடாக்' என்று போட்டால் இன்னொரு கவுண்டருக்கு அனுப்புவார்கள். யா என்றேன்.

அந்த இரண்டு பக்கப் படிவம் உடனே இறங்கியது. கம்ப்யூட்டர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

4

அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு சிரம்பான் போனேன். ஒரு நாளில் முடியவில்லை. படிவம் போன மாதம் மாறிவிட்டதாம், புதியது மூன்று பக்கம்.

மறுநாளும் போய்விட்டுத் திரும்பியபோது என் சமையற்காரர் மாரிமுத்து சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தார். இதே தோட்டத்தில் பிறந்தவர், அவருடைய அப்பா இங்கே மண்டோராக, ஆட்களை மேற்பார்க்கும் மேஸ்திரியாக இருந்தவர். இன்றைக்கும் கடையில் வேலை பார்ப்பவர்களை அவர் வரிசையில் நிறுத்தித்தான் பேசுவார், என்னையும் சேர்த்து.

"பாய், கேமராக்காரன் சிவா வந்துட்டுப் போனான். டிஸ்கு ரோசாக் ஆயிருச்சாம், கெட்டுப்போயி ஒண்ணுமே பதியலயாம். மாத்திட்டான்."

"நல்லது," என்றேன்.

"புதுசு வாங்கணும்னான். எதுக்கு, இருக்கறத போடுன்னேன்."

"நல்லதுண்ணே."

இரண்டு தடவை நல்லது சொன்னேன். கையில் புதிய படிவம் இருந்தது, அதில் தகப்பனார் பெயர் எழுதும் கட்டம் போதவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் போயிற்று. கல்லாவுக்குக் கீழே தட்டில் அந்தக் கறுப்பு உறை அதன் இடத்தில் இருந்தது. தினமும் காலையில் தூசு தட்டும்போது அதையும் தட்டுவேன். உள்ளே பத்திரமாக இருக்கிறார் என்று ஓர் எண்ணம். இன்னொரு காப்பி போடச் சொன்ன சுலைஹா அதற்குப் பிறகு கேட்கவில்லை. பரீட்சை. கூப்பிட்டால் "வாப்பா, நந்தி லா, நந்தி" என்பாள். அப்புறம் என்று அர்த்தம். நானும் அதே பழக்கம் உள்ளவன்தான், எந்த உரிமையில் கேட்பது.

வருட நாள் வந்தது. லுஹர் தொழுகைக்குப் பின் கடையில் யாஸீன் ஓதினோம். மாரிமுத்து நெய்ச்சோறு ஆக்கியிருந்தார். தோட்டத்து ஆட்கள், தொழிற்சாலைக்குப் போகும் நேபாளிகள், லாரி டிரைவர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். எல்லோரும் போன பிறகு கை கழுவிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். குனிந்து உறையை எடுத்தேன்.

லேசாக இருந்தது.

இறந்தவர் உடலைச் சுமந்து போகும் சந்தூக்குப் பெட்டியை, அடக்கம் முடிந்து பள்ளிவாசலுக்குத் திருப்பித் தூக்கி வந்தவர்களுக்கு அந்த எடை தெரியும். போகும்போது எட்டுப் பேர் தோள் மாற்றுவார்கள். திரும்பும்போது இரண்டு பேர் போதும், பேசிக்கொண்டே வரலாம்.

"மாரியண்ணே, இதுக்குள்ள இருந்தது எங்க?"

"அதானே பாய் அன்னைக்குச் சொன்னேன். சிவா புதுசு வாங்கணும்னான். கல்லாக்குக் கீழ பாயோட ஸ்பேர் ஒண்ணு இருக்குடான்னு எடுத்துக் குடுத்தேன். அவனும் திறந்து பாத்துட்டு, ஆமாண்ணே, சிசிடிவின்னு எழுதியே வச்சிருக்காருன்னான்." அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏன் பாய், வேற டிஸ்கா அது?"

"இல்ல," என்றேன். "அதேதான்."

சிவாவைப் போனில் பிடித்தேன். பதிவுப் பெட்டி டிஸ்கைப் போட்டதும் முதலில் அதைத் துடைத்துவிடும் என்றான். பிறகு இடம் நிரம்பும் வரை எழுதும், முப்பது நாளைக்கு மேல் பழையதன் மேலேயே திரும்ப எழுதும்.

"எடுக்க முடியாதா தம்பி?"

"அன்னைக்கே சொல்லியிருந்தா ட்ரை பண்ணியிருப்பேன் அண்ணே. இப்ப ஒரு சுத்து எழுதி முடிச்சு ரெண்டாவது சுத்து ஓடுது. உள்ள என்ன இருந்துச்சு?"

"பழைய போட்டோ."

5

ஊரில் அப்போது மதியம்தான் ஆகியிருக்கும். காசிமைக் கூப்பிட்டேன். அங்கேயும் ஃபாத்திஹா ஓதி முடித்திருந்தார்கள், பின்னால் தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது.

"காக்கா, இப்பத்தான் நெனச்சேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சு. அங்க எப்படி?"

"முடிஞ்சது. காசிம், அந்த அடக்க வீடியோ உன்கிட்ட இருக்கா?"

"எங்கிட்ட ஏது? ஒங்களுக்கு அனுப்பிட்டு அழிச்சிட்டேன். போன்ல எடமே இல்ல காக்கா. ஒங்கட்ட இருக்கேன்னுதான் தைரியமா அழிச்சேன்."

"எடுத்தது யாரு?"

"பக்கத்து வீட்டு சுல்தான். அவர் போன் போன ரமலான்லயே தொலஞ்சு போச்சு. ஏன், ஒங்க வீடியோக்கு என்ன?"

டிஸ்க், உறை, சிவா, பிளாஸ்திரி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "போனாப் போவுது காக்கா. நீங்கதான் ஒரு தடவ பாத்துட்டியளே," என்றான்.

அந்த இடத்தில் யா என்று சொல்லியிருக்கலாம். அவனும் அதற்குத்தான் வழி விட்டான். ஆறுதல் என்று எங்கள் வீட்டில் சொல்வது பெரும்பாலும் இப்படி ஒரு வழி விடுவதுதான். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"நான் பாக்கல காசிம்," என்றேன்.



"தெரியும் காக்கா," என்றான்.

"எப்படி?"

"பாத்திருந்தா ஒரு வார்த்த கேட்டிருப்பியள்."

என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. "சொல்லு," என்றேன். "முதல்லருந்து சொல்லு."

"எதச் சொல்ல?"

"அந்தப் பதினாலு நிமிஷத்த."

அவன் சொன்னான். முதல் இரண்டு நிமிடம் சுல்தானின் கட்டைவிரல்தான் தெரியும் என்றான், யாரோ சத்தம் போட்ட பிறகுதான் விலக்கினார். காலையில் மழை பெய்ததால் குழிக்கரை இளகியிருந்தது, பலகை போட்டு நின்றார்கள். இறக்குவதற்கு காசிமும் எங்கள் மச்சானும் குழிக்குள் இறங்கினார்கள். மச்சான் செருப்போடு இறங்கிவிட்டார், அங்கேயே ஒரு சின்னச் சண்டை. மக்கா இருக்கும் கிப்லா திசையைப் பார்த்து முகத்தைத் திருப்பி வைத்தபோது பள்ளிவாசல் லெப்பை "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாப்பா இதேபோல் மரச்சட்டம் அடிக்க வந்த ஆசாரியிடம் அரை நாள் சொல்லுவார், அது காசிமுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்து, சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தானாம்.

"பொறவு எல்லாரும் மண்ணு போட்டாங்க. ஆளுக்கு மூணு பிடி. நான் போட்டேன். போட்டுட்டு..." நிறுத்தினான்.

"ம்."

"போட்டுட்டு சுல்தான இங்க வான்னேன். போனப் பாத்து, காக்கா, இது ஒங்களுக்குன்னு சொல்லிட்டு இன்னொரு மூணு பிடி போட்டேன். லெப்பை ஒரு மாதிரி பாத்தாஹ. அப்படிச் செய்யிற வழக்கமில்லதான். இருக்கட்டும்னு போட்டேன்."

அவனே தொடர்ந்தான்.

"அதத்தான் கேப்பியள்னு இருந்தேன். ஏன்டா அப்படிச் செஞ்சேன்னு ஏசவாச்சும் செய்வியள்னு. நீங்க பாத்தேன்னு மட்டும் சொன்னியள். அன்னைக்கே தெரிஞ்சிட்டு."

"ஒரு வருஷமா கேக்கல நீ."

"கேட்டா இன்னொண்ணு சொல்லுவியள். அது எதுக்கு."

உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். மிச்சச் சோற்றை மதரஸாவுக்கு அனுப்ப வேண்டுமாம். "வக்கிறேன் காக்கா," என்றான். பிறகு வைக்காமல், "பாஸ்போர்ட் இப்ப கையிலதான இருக்கு?" என்று கேட்டான்.

"இருக்கு."

"சரி," என்றான்.

6

சிவா மறுநாளே வந்தான், யாரும் கூப்பிடவில்லை. மாரிமுத்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். உள்ளே நுழையும்போதே முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "அண்ணே, நான் கேட்டிருக்கணும்," என்றான்.

"நான் பிளாஸ்திரிய உரிச்சிருக்கணும்," என்றேன். "டீ குடி."

அவன் குடிக்காமல் பதிவுப் பெட்டியைத் திறந்து, திரையில் தேதிகளை ஓட்டிக் காட்டினான். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. உள்ளே இருப்பது என்ன என்று நானும் பார்த்தேன். முப்பது நாள். கல்லாவுக்கு மேலே இருக்கும் கேமரா என் உச்சந்தலையைத்தான் பார்க்கிறது, அங்கே முடியின் நிலைமை இவ்வளவு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வாப்பா மண்ணுக்குள் போன பதினான்கு நிமிடம் இருந்த இடத்தில், அவருடைய மூத்த மகன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்திருக்கிறான். மறுபடி உட்காருகிறான். ஒரு மாதத்துக்கு அவ்வளவுதான்.

"நேத்து மூணு மணிக்கு மேல போடு," என்றேன்.

போட்டான். கேமராவுக்குச் சத்தம் கிடையாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் இருக்கிறேன். உடம்பு அசையவில்லை. இடது கை போனில். வலது கை மட்டும் மேசையில் இருக்கிறது. சாப்பிட்டுப் போகிறவர்களுக்காக அங்கே ஒரு கிண்ணத்தில் சோம்பு வைத்திருப்போம். அந்தக் கை அதில் ஒரு பிடி அள்ளுகிறது. அப்படியே கிண்ணத்துக்குள்ளேயே விடுகிறது. மறுபடி அள்ளுகிறது. விடுகிறது. எனக்கு அது ஞாபகமே இல்லை.

எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் மூன்று வந்துவிடுமோ என்றிருந்தது, வராமல் போய்விடுமோ என்றும் இருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன். எடுத்துப் பழகிய கண்தானே.

"இத மட்டும் தனியா வெட்டி பென்டிரைவ்ல போட்டுத் தரவா அண்ணே?" என்றான் சிவா. "சின்ன ஃபைல்தான். எடமே எடுக்காது. இங்க விட்டா முப்பது நாள்ல போயிரும்."

"வேணாம்," என்றேன். "டீ ஆறுது."

அவன் போன பிறகு சிரம்பானில் ஒரு டிக்கெட் கடைக்குப் போன் செய்து மதுரைக்கு விலை கேட்டேன். எந்தத் தேதிக்கு என்று கேட்டார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வைத்த பிறகுதான் உறைத்தது, இதே வார்த்தையை வேறு ஒன்றுக்கும் ஒரு வருடம் சொல்லியிருக்கிறேன். மறுபடி கூப்பிட்டு ஒரு தேதி சொன்னேன்.

அந்த விமானம் கிளம்புவதற்குள் முப்பது நாள் கடந்துவிடும். சோம்புக் கிண்ணத்தின் மேல் வேறு எதுவோ பதிவாகியிருக்கும். நான் கடையில் இல்லாத நாட்களில், நாற்காலியும் கல்லாவும் மட்டும்.